திவான் இழுத்த வண்டி

அன்புள்ள ரூத்துக்கு,

நீயும் அம்மாவும் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். நீ வேலைக்குப் போகிற கொள்ளேகாலில் சீப்பு கிடைக்காது, சோப்பு கிடைக்காது, ஊசிநூல்கூடக் கிடைக்காது என்று உன் அம்மா முடிவு கட்டிவிட்டாள். உன் டிரங்குப் பெட்டி கூடத்தில் மூடி திறந்தபடி கிடக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்கு அப்பன் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நேற்று சாப்பிடும்போது உன்னிடம் மனசு விட்டுப் பேசலாம் என்று உட்கார்ந்தேனே, என் வாயிலிருந்து என்ன வந்தது? "தண்ணியக் காய்ச்சிக் குடி. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட எதிர்த்துப் பேசாதே. முதல் மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே கிரவுண்டுல நில்லு." மூன்றும் உத்தரவு. நீ எழுந்து நின்று "எஸ் சார்" என்று சல்யூட் அடித்தாய். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. இருபத்தெட்டு வருஷம் மைதானத்தில் கத்திய தொண்டை இது. வாயைத் திறந்தால் அதற்கு வேறு தொனி வருவதில்லை. பேனாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று நம்பி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ திங்கட்கிழமை சேரப் போகிற வேலை நான் செய்கிற வேலை. டிரில் மாஸ்டர் மகள் டிரில் டீச்சர் ஆகிவிட்டாள் என்று போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அப்பாகிட்டயே தொழிலைக் கத்துக்கிட்டா" என்று போதகர் சொன்னார். நானும் பெருமையாகத் தலையாட்டி வைத்தேன். சர்ச் வாசலிலேயே நின்று சொன்ன பொய் அது. உண்மை என்னவென்றால், இந்தத் தொழிலை நான்தான் உன்னிடமிருந்து கற்றுக்கொண்டேன். அப்போது உனக்குப் பத்து வயசு, எனக்கு நாற்பது. நடுவில் ஒரு நாய் இருந்தது. அந்தக் கதையில் நீ பார்த்த பாதி உனக்குத் தெரியும். என் மனசுக்குள் நடந்த பாதியை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. ஊரை விட்டு நீ கிளம்புவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த நாய் வந்தது சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆன பிறகு. உன் அம்மா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும்போது, கேட்டிலிருந்து நஜர்பாத்தில் நம் வீடு வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்தது. வெள்ளைச் சேலை கட்டியவர்கள் எல்லாரும் சோறு போடுவார்கள் என்று அதற்கு ஓர் எண்ணம். செம்மண் நிறம், கரிய மூக்கு, நீளமான கால்கள். ஏதோ ஒரு வேட்டை நாயின் ரத்தம் ஒரு சொட்டு அதில் இருந்திருக்க வேண்டும். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் மைசூரில் திவான் பதவி போய் மந்திரிகள் வந்திருந்தார்கள். பெரியவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் அதே பேச்சு. நாய்க்கு என்ன பேர் வைக்கலாம் என்று நான் கேட்டபோது நீ யோசிக்கவே இல்லை. "திவான் வேலை காலியாத்தானே இருக்குப்பா? இதுக்குக் குடுத்துடலாம்" என்றாய்.

பக்கத்து வீட்டு நஞ்சுண்டையா அதைக் கேட்டுக் கொதித்துப் போனார். அவர் அரண்மனையில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். வீட்டிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே அவருடைய தலைப்பாகை மட்டும் தெரிந்தது. "ஏன் மேஷ்ட்ரே, நாயிகெ திவான் அந்த ஹெசரா?" என்று கேட்டார். எத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்த பதவி, அந்தப் பேரை ஒரு தெரு நாய்க்கு வைப்பதா என்பது அவர் வருத்தம். அன்றிலிருந்து அவர் அதை 'ஆ நாயி' என்று மட்டும்தான் சொன்னார். திவான் அதையும் தன் பேராக ஏற்றுக்கொண்டு வாலை ஆட்டியது.

அதற்கு ஒரே ஒரு வியாதி, இழுப்பது. கழுத்தில் கயிறு கட்டிக் கையில் பிடித்தோமானால், அந்தக் கயிற்றின் நுனியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. கொடியில் காய்ந்த துணியைக் கொடியோடு இழுத்துப் போனது. சைக்கிளில் கட்டிப் போட்டால் சைக்கிளைச் சாய்த்து இழுத்துப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் கேட் முன்னால் உன்னையே குப்புறத் தள்ளி இழுத்தது. இரண்டு முழங்காலும் தோலுரிந்து நீ வீட்டுக்கு வந்தாய். உன் அம்மா டிங்ச்சரைப் போட்டபடியே தீர்ப்பும் சொன்னாள். "என்கூட வேலை செய்யற நர்ஸோட அண்ணனுக்கு நஞ்சன்கூடு பக்கம் தோட்டம் இருக்குங்க. அங்க விட்டுட்டா அதுவும் நல்லா இருக்கும், நம்ம பிள்ளை முட்டியும் நல்லா இருக்கும்." டிங்ச்சரின் எரிச்சலுக்கு அழாத நீ அந்தப் பேச்சுக்கு அழுதாய். நான் வீரமாக எழுந்து நின்றேன். "இழுக்கிறது அதோட குணம். இழுக்க ஒரு வண்டியக் குடுத்துட்டா சரியாப் போயிடும். எத்தனை பிள்ளைங்களை நான் பழக்கியிருக்கேன், ஒரு நாயப் பழக்க மாட்டேனா?" அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தசரா வரைக்கும் பாக்கறேன்" என்றாள். அப்போது மார்ச் மாதம்.

அப்படித்தான் அந்த ஸ்கூட்டர் பிறந்தது. பழைய சாமான் கடையில், யாரோ துரைவீட்டுக் குழந்தையைத் தள்ளிய வண்டி ஒன்று உடைந்து கிடந்தது. அதன் இரண்டு ரப்பர் சக்கரங்களைக் கழற்றி வந்தேன். பெட்டிப் பலகையில் நிற்க ஒரு தட்டு, முன்னால் ஒரு கம்பு, அதன் மேல் குறுக்கே ஒரு பிடி. ஒரு காலைத் தட்டில் வைத்து மறு காலால் தரையை உதைத்தால் ஓடும். நீ அதில் ஏறி வாசலில் மூன்று சுற்று சுற்றினாய். நான் செய்த பொருள்களில் செய்த அன்றே உடையாத ஒரே பொருள் அதுதான் என்று அம்மா சொன்னாள். மறுநாள் காலை, திவானின் கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி, மறு நுனியை ஸ்கூட்டரில் கட்டி, விசிலை ஊதினேன்.

நாய் பாய்ந்தது. பத்தடி போவதற்குள் கழுத்து இறுகி இருமத் தொடங்கியது. இருமிக்கொண்டு நின்றது. நின்ற நாயின் பின்னங்காலில் ஸ்கூட்டர் போய் மோதியது. அது அலறிக்கொண்டு இழுக்க, வண்டி துள்ளித் துள்ளிப் பின்னால் வர, ஏதோ பூதம் துரத்துகிறது என்று நினைத்துத் தெரு முழுக்க ஓடியது. நீ முதல் துள்ளலிலேயே குதித்துவிட்டாய். கடைசியில் நஞ்சுண்டையா வீட்டுத் துளசி மாடத்தைச் சுற்றி மூன்று முறை கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் பலமாக விசில் ஊதினேன். என் மைதானத்தில் எந்தக் குழப்பத்துக்கும் அதுதான் மருந்து.

அதற்குப் பிறகு ஒரு வாரம் திவான் அந்த ஸ்கூட்டர் இருக்கிற பக்கமே போகவில்லை. நான் கைவிட்டுவிட்டேன். நீ கைவிடவில்லை. ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல் ஜட்கா ஸ்டாண்டில் போய் நின்றிருந்தாய். தேடிக்கொண்டு வந்த என்னிடம் ஒரு குதிரையைக் காட்டினாய். "பாருங்கப்பா. குதிரை கழுத்தால இழுக்கல. நெஞ்சால இழுக்குது." நான் தினமும் ஐம்பது ஜட்காக்களைப் பார்த்துக்கொண்டே போகிறவன். குதிரை எதனால் இழுக்கிறது என்று நின்று பார்த்ததே இல்லை. அன்றைக்கே அம்மா நாயின் நெஞ்சுக்கும் விலாவுக்கும் அளவெடுத்து ஒரு பட்டை தைத்தாள். அழுத்தும் இடத்தில் பஞ்சு வைத்து, மேலே பழைய ஃபிளானல் துணி வைத்து, ஆஸ்பத்திரிக் கட்டுப் போலச் சுத்தமாக இருந்தது. அது எதிலிருந்து வெட்டப்பட்டது என்பது மறுநாள் டிரில்லுக்குக் கிளம்பும்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு நான் கட்டிக்கொண்டு நின்ற காக்கி பெல்ட். "நாட்டுக்குத்தான் சேவை பண்ணியாச்சே, இனிமே வீட்டுக்குப் பண்ணட்டும்" என்றாள்.

அடுத்ததாக, ஸ்கூட்டருக்கு பிரேக் வேண்டும் என்றாய். விளையாட்டுச் சாமானுக்கு எதற்கு பிரேக் என்று நான் சிரித்தேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாய், "அது நிக்கும்போது நம்மால நிக்க முடியலன்னா, அது எப்படிப்பா நம்மள நம்பும்?" சைக்கிள் டயர்த் துண்டை வளைத்துப் பின் சக்கரத்தின் மேல் அடித்துக் கொடுத்தேன். குதிகாலால் மிதித்தால் வண்டி நிற்கும்.

பிறகு நீ செய்தது எதுவும் எனக்குப் பயிற்சியாகவே தெரியவில்லை. நாயின் தட்டை ஸ்கூட்டர் பலகையின் மேல் வைத்துச் சோறு போட்டாய். ஒரு வாரம் அவ்வளவுதான். அப்புறம் பட்டையைக் கட்டிவிட்டு, எதையும் இழுக்கவிடாமல், அதனோடு சும்மா நடந்தாய். அப்புறம் ஒரு காலித் தகர டப்பாவைக் கயிற்றில் கட்டி இழுக்க வைத்தாய், பின்னால் வருகிற சத்தம் பழக வேண்டும் என்று. அப்புறம் ஒரு விறகுக் கட்டை. மே மாதம் முழுக்க நாய் ஒரு விறகுக் கட்டையை இழுத்துக்கொண்டு குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்தது. வெயில் ஏறுமுன் கிளம்பி, நாக்கு வெளியே தொங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவாய். "இன்னும் கொஞ்சம் ஓட வை, இப்பத்தான் நல்லா வருது" என்று நான் சொன்னால், "நல்லா வரும்போதேதான்பா நிறுத்தணும்" என்பாய். எங்கிருந்து உனக்கு இதெல்லாம் தெரிந்தது என்று நான் வியந்திருக்கிறேன். நீ அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

பாஷைப் பிரச்சினை ஒன்று இருந்தது. 'இடது', 'வலது' என்று நான் கத்திக் கத்திப் பார்த்தேன். 'லெஃப்ட்', 'ரைட்' என்றும் பார்த்தேன். அது ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றது. நீ போய்க் கன்னடத்தில் 'எட', 'பல' என்றாய். நாலே நாளில் பழகிவிட்டது. "தெருவுல பொறந்த நாய்ப்பா. வீட்டுல தமிழ் பேசினா அதுக்கு எப்படித் தெரியும்?" 'நில்லு' மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றாக இருந்ததால் எனக்கும் அதற்கும் அந்த ஒரு வார்த்தையில் மட்டும் சிநேகம். ஜூலையில் ஒரு காலை, தூறல் விட்ட நேரம், நீ ஸ்கூட்டரில் ஏறி நின்று மெல்ல "ஹோகு" என்றாய், போ என்று. திவான் நெஞ்சை முன்னால் கொடுத்தது. கயிறு விறைத்தது. சக்கரம் உருண்டது. நீ ஒரு காலைக் கூட ஊன்றாமல் ஏரிக்கரை வளைவு வரைக்கும் போய், "எட" என்று சொல்லித் திரும்பி, என் முன்னால் வந்து குதிகாலை மிதித்து நின்றாய். உன் பின்னல் அவிழ்ந்து போயிருந்தது. நாய் சிரித்தது. நாய் சிரிக்காது என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை. நான் பாதையின் நடுவில் நின்று கைதட்டினேன், வாக்கிங் வந்த இரண்டு பேர் ஒதுங்கிப் போனார்கள்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. ஆகஸ்டில் எங்கள் பள்ளி விளையாட்டு விழா. தலைமை ஆசிரியரிடம் போய், என் வீட்டு நாய் வண்டி இழுக்கும், விருந்தினர் முன்னால் ஒரு விசேஷ நிகழ்ச்சியாக வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. அதோடு விடவில்லை. சின்னப் பெண் பலகை வண்டியில் வருவதைவிட, யூனிஃபாரம் போட்ட டிரில் மாஸ்டர் சைக்கிளில் கம்பீரமாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்று காலைதான் எனக்குத் தோன்றியது. நாயைச் சைக்கிளில் கட்டும்போது நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அது இன்னும் சைக்கிளுக்குப் பழகலப்பா. கூட்டத்துக்கும் பழகல. விசிலாவது ஊதாதீங்க." நான் "எல்லாம் எனக்குத் தெரியும், போய் அம்மா பக்கத்துல உட்காரு" என்றேன்.

விசில் ஊதினேன். திவான் உட்கார்ந்தது. மறுபடி ஊதினேன். படுத்தது. எண்ணூறு பேர் சிரித்தார்கள். மேடையில் விருந்தினரும் சிரித்தார். யாரோ ஒரு பையன் "சார், நீங்க இழுங்க, நாய் உட்காரட்டும்" என்று கத்தினான். இப்போது நினைத்தால் நல்ல வேடிக்கைதான். அன்றைக்கு எனக்குக் காது எரிந்தது. சைக்கிளிலிருந்து இறங்கி, விசில் கோத்திருந்த தோல் வாரால் அதன் முதுகில் இரண்டு அடி அடித்தேன். அது கத்தவில்லை. திரும்பி மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது, என்னவோ தவறு தன்னுடையது என்பது போல.

நீ ஓடி வரவில்லை. நடந்து வந்தாய். அத்தனை பெரிய மைதானத்தை, எல்லாரும் பார்க்க, நேர்கோட்டில் நடந்து கடந்து வந்து, பட்டையின் கொக்கியைக் கழற்றி, நாயைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தாய். என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் நான் பார்த்த அணிவகுப்புகளில் அதைப் போல நேரான நடை வேறு ஒன்றும் இல்லை.

எட்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. "அம்மா, சாப்பாடு ரெடின்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்று என் முன்னால் நின்றே சொல்லுவாய். அம்மாவும் என் பக்கம் திரும்பி, தபால்காரர் மாதிரி அதையே திருப்பிச் சொல்லுவாள். எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. திவான் மட்டும் அன்று சாயங்காலமே என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் நான் விசிலைக் கழுத்தில் மாட்டினால் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். இது உனக்குத் தெரியாத பாதி: அந்த வாரம் பள்ளியில் நான் விசிலை மாட்டியதும் என் பையன்களின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். அவர்களுக்குப் போய் ஒளிய அங்கே கட்டில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அத்தனை வருஷமாக அந்த முகத்தை நான் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலைவலி என்று சொல்லி ஒரு வாதாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பதாவது நாள் காலை ஏரிக்கரைக்கு உன் பின்னால் வந்தேன். என் அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு உன் முன்னால் வந்ததும் மறந்துபோயிற்று. "ரூத்து, நான் பண்ணினது தப்பு" என்றேன். நீ நாயின் பட்டையைச் சரிசெய்துகொண்டே, "எங்கிட்ட மட்டும் சொன்னா?" என்றாய். நான் குனிந்து நாயிடமும் சொன்னேன். அது என் மூக்கை நக்கியது. உன் உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறாய் என்று தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. "சைக்கிளுக்குப் பழக்கணும்னா முன்னால ஒருத்தர் ஓடணும். அதுக்குப் பிடிச்சவங்க முன்னால ஓடினாத்தான் அது நேரா இழுக்கும். நீங்க ஓடறீங்களா?" என்று கேட்டாய். "எஸ் சார்" என்றேன்.

ஆகவே செப்டம்பர் மாதம் முழுக்க, மைசூர் நகரத்தின் மரியாதைக்குரிய ஒரு டிரில் மாஸ்டர், கையில் ரொட்டித் துண்டோடு, "பா திவான், பா பா" என்று கன்னடத்தில் வா வா என்று கூவிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினார். பின்னால் நாய். அதன் பின்னால் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை நுழைத்து நின்றபடி நீ. "வேகமா ஓடுங்கப்பா! பின்னால பாக்காதீங்கப்பா! ரொட்டியை நீங்க சாப்பிடாதீங்கப்பா!" அந்த மாதம் போல நான் சிரித்ததில்லை. மாலையில் வீட்டுக்கு வரும் வழியில் என் மாணவர்கள் எதிர்ப்பட்டால் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிறகு திருப்பிக்கொள்வதை விட்டுவிட்டேன். அவர்களில் சிலர் கூடவே ஓட வந்தார்கள்.

தசரா வந்தது. ஊர் முழுக்க வெளியூர் ஜனம். அம்மா கொடுத்த தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. நஞ்சன்கூடு தோட்டத்துக்கு எழுத வேண்டிய கார்டு அலமாரியில் இருந்ததை நாம் இருவரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். அன்று பள்ளி மைதானத்தில் பையன்களுக்கு நீளம் தாண்டக் காட்டுகிறேன் என்று ஓடிப்போய்க் குதித்து முழங்காலைத் திருகிக்கொண்டேன். காலை ஊன்ற முடியவில்லை. ஜட்காவுக்கு ஆள் அனுப்பினால், தசரா பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு எல்லாம் போய்விட்டன, ஒன்றுகூட இல்லை. யாரோ வீட்டுக்குச் சொல்லியனுப்ப, அம்மாவுக்கு டியூட்டி, நீதான் வந்தாய். திவானைப் பூட்டிய சைக்கிளோடு வந்தாய்.

"சைக்கிள்ல ஏறுங்கப்பா" என்றாய். ஆகஸ்டில் சிரித்த அதே பையன்கள் சுற்றி நின்றார்கள். நொண்டிக்கொண்டே போகிறேன் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "அது உங்கள இழுக்கும்ப்பா. நான் பக்கத்துலயே ஓடி வரேன். நீங்க பிரேக்க மட்டும் பாத்துக்கிட்டா போதும். பேசறது எல்லாம் நான்." பிறகு கையை நீட்டினாய். எதற்கென்று எனக்குத் தெரிந்தது. விசிலைக் கழற்றிக் கொடுத்தேன், நீ அதைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டாய்.

"ஹோகு."

நெஞ்சைக் கொடுத்து இழுத்தது, ரூத்து. என் கனத்துக்கு முதலில் கயிறு முனகியது. நல்ல காலால் நான் தரையை ஓர் உதை உதைத்தேன், சக்கரம் உருண்டது. பள்ளி கேட்டைத் தாண்டியபோது பையன்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பில் எனக்கு வலிக்க எதுவும் இருக்கவில்லை. ஒருத்தன் சல்யூட் அடித்தான், அப்புறம் எல்லாரும் அடித்தார்கள். பெரிய ரோட்டில் தோரணங்களுக்கு அடியில், ஜவுளிக் கடை வாசலில் நின்ற வெளியூர்க்காரர்கள், இதுவும் தசராவில் ஒரு வகை என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒரு பாண்டு கோஷ்டி எதிரே வந்தது. டிரம் சத்தத்துக்கு நாய் காதை மடக்கியது, நீ அதன் பக்கத்தில் ஓடியபடி "ஏனில்ல, ஏனில்ல" என்று சொன்னாய், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று. அது காதை நிமிர்த்திக்கொண்டு போனது. நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் உத்தரவு போடாமல் ஒரு தெருவைக் கடந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. நம் தெருவின் மேட்டில் நாய்க்கு மூச்சு வாங்கியதும் நீ "நில்லு" என்றாய். ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கி அதற்குக் கொடுத்தாய். மேட்டில் என்னை நீயும் கூடவே ஓடி வந்த இரண்டு பையன்களும் பின்னாலிருந்து தள்ளினீர்கள், முன்னால் திவான் இழுத்தது.

சத்தம் கேட்டு நஞ்சுண்டையா கேட்டுக்கு வந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பார்த்தார், என்னை, உன்னை, நாயை. பிறகு தெருவெல்லாம் கேட்கும்படி, அரண்மனை வாசலில் கட்டியம் கூறுகிற குரலில், "திவானர சவாரி பந்து! தாரி பிடி!" என்றார். திவானின் பவனி வருகிறது, வழி விடுங்கள் என்று. ஏழு மாசத்தில் அவர் அதை அந்தப் பேரால் அழைத்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டாள், என் முழங்காலுக்குக் கட்டுப் போட்டாள், எழுந்துபோய் அலமாரியிலிருந்த கார்டை எடுத்து அடுப்பு பற்றவைத்தாள். பிறகு நாயின் பட்டையைக் கழற்றிப் பார்த்து, உராய்ந்த இடம் எதுவும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் நமக்குச் சோறு போட்டாள்.

திவான் அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தது. கடைசி இரண்டு வருஷம் நாம் அதற்குப் பட்டை கட்டவில்லை, அதுவும் கேட்கவில்லை. நீ காலேஜுக்குப் போகும்போது தெருமுனை வரை நடந்து வந்து வழியனுப்பும். அது போன அன்று நஞ்சுண்டையா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நம் வாசலில் நின்றார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், இது சந்தோஷமான கடிதம்.

நீ கேட்காமலே ஒரே ஓர் ஆலோசனை சொல்லிவிடுகிறேன். அப்பனாக இல்லை, இதே வேலையில் உனக்கு முன்னால் நிறையத் தவறு செய்தவனாக. கோபம் வரும். வெயிலில் நாற்பது பிள்ளைகள் நின்றுகொண்டு, பாதி பேர் சொன்னதைக் கேட்காவிட்டால் எந்த மனுஷிக்கும் வரும். அப்போது உனக்குக் காது எரிகிறதா என்று பார்த்துக்கொள். எரிந்தால் அந்தக் கோபம் பிள்ளைகளைப் பற்றியது இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றியது. அந்த நேரத்தில் எதையும் செய்யாதே, போய்த் தண்ணீர் குடி. தப்புப் பண்ணிவிட்டால் மறுநாளே போய்ச் சொல்லிவிடு. எட்டு நாள் தள்ளிப் போடாதே. அந்த எட்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். மற்றபடி உனக்குத் தெரியாதது எதுவும் என்னிடம் இல்லை. கொள்ளேகாலில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் கன்னடம். யார் எந்தப் பாஷையில் திரும்பிப் பார்க்கிறார்களோ அந்தப் பாஷையில் அவர்களைக் கூப்பிடு.

இன்னொன்று, இது உத்தரவு இல்லை, ஆசை. முதல் நாள் நீ பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லும்போது, வேகமாக ஓடுகிறவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள், அவர்களை எல்லாருக்கும் தெரியும். வரிசையின் கடைசியில், யாரும் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். எல்லாப் பள்ளியிலும் ஒருத்தி நிற்பாள். அன்று அவளை ஓடச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் போய்ப் பேரை மட்டும் கேள். சாயங்காலம் எனக்கு ஒரு கார்டில் அந்தப் பேரை எழுதிப் போடு.

உன் அன்புள்ள அப்பா